14 சிலிண்டர், 616 வட்டம்: டக்கோட்டா எஞ்சினை 1/10 அளவில் செய்கிறேன்

வலிகாமத்தான் | நவம்பர் 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக மேசையில் கிடக்கும் வேலையை இன்றுதான் இங்கே போடுகிறேன். டிசி-3 விமானத்தின், எங்கள் ஊரார் டக்கோட்டா என்று சொல்லும் விமானத்தின் எஞ்சின். பிராட் அன்ட் விட்னி ஆர்-1830, ட்வின் வாஸ்ப்.

ஏன் இந்த எஞ்சின் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பக்கத்தில் உள்ள பலாலி விமானத்தளத்தில் இறங்கும் டக்கோட்டாவின் சத்தத்தைக் கேட்டே நேரம் சொல்வாராம். எயர் சிலோன் 1947 டிசம்பர் 10ஆம் திகதி பறக்கத் தொடங்கியதே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். அன்று பறந்த டக்கோட்டாவின் பெயர் சீதாதேவி. அதற்கு முன், 1944இல், பிரித்தானிய விமானப்படையின் 160ஆவது பிரிவு தன் லிபரேற்றர் விமானங்களோடு அதே பலாலித் தளத்தில் இருந்தது, அப்போது அதற்குக் காங்கேசன்துறைத் தளம் என்று பெயர். லிபரேற்றரில் நான்கு எஞ்சின், அந்த நான்கும் இதே ஆர்-1830 குடும்பம். வலிகாமம் வடக்கின் வானத்தில் பல வருடம் கேட்டது இந்த ஒரு எஞ்சினின் குரல்தான். 1990இல் போரால் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அம்மப்பா எடுத்த படங்கள் எல்லாம் அங்கேயே போய்விட்டன. படம் இல்லை, அதனால் பொருளையே செய்து வைப்போம் என்று தொடங்கினேன்.

அசல் எஞ்சினின் விட்டம் 1,220 மில்லிமீற்றர் அளவு. என்னுடையது 122. ஏழு ஏழாக இரண்டு வரிசையில் 14 சிலிண்டர். அசலில் பிஸ்ரன் ஓடும் துளையின் விட்டமும் பிஸ்ரன் ஓடும் தூரமும் இரண்டுமே ஐந்தரை அங்குலம், 14 சிலிண்டரின் கொள்ளளவும் சேர்த்து 30 லீற்றர். நான் தலையை உடைத்துக்கொண்டது முழுக்கச் சிலிண்டரின் செட்டைகளில்தான், அதாவது சூட்டைக் காற்றுக்கு விடும் மெல்லிய தகடு வளையங்களில். காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் செட்டைதான் அதன் முகம். அது தடித்துப் போனால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தும் விளையாட்டுச் சாமானாகவே தெரியும். கடைசியில் வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய எக்ஸ்ரே படங்கள் கைகொடுத்தன. தடிப்பு 0.2 மில்லிமீற்றருக்கும் குறைவு. தோல் துளைக்கும் பஞ்சால் பெரிய வட்டம் வெட்டி, விசிற்றிங் கார்டில் சின்ன வட்டம் வெட்டி, மாறி மாறி அடுக்கினேன். ஒரு சிலிண்டருக்கு 22 செட்டை, 22 இடைவெளி. 14 சிலிண்டருக்கும் 616 வட்டம். தலைப்பகுதிச் செட்டைகளை இன்னும் அகலமாக வெட்டினேன், ஏனென்றால் வெப்பம் அதிகம் பிறக்கும் இடம் அதுதான், அசலிலும் அங்கே செட்டை ஆழமாக இருக்கும்.

இப்போது இரண்டு சிக்கல். ஒன்று, சுப்பர்குளூ போட்டு ஒட்டிய சிலிண்டர்களை ஈரம் படாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்ரிக் பெட்டியில் மூடி வைத்தேன். காலையில் திறந்தால் கறுப்பு அடித்த அத்தனையிலும் வெள்ளைப் பூ. இரண்டாவது, நிறம். இதை எவ்வளவு பழசாகக் காட்டுவது? உங்கள் கருத்தைச் சொல்லுங்கோ.

செம்மண் | நவம்பர் 8, இரவு 10.15

அருமையான வேலை அண்ணை. ஒரு கேள்வி. ஸ்பிற்ஃபயர் போர்விமானத்தின் மேர்லின் எஞ்சினைச் செய்திருந்தால் 12 சிலிண்டரும் இரண்டு நேர்வரிசைக்குள் மூடிக்கிடக்கும், செட்டையே வெட்டத் தேவையில்லையே?

வலிகாமத்தான் | நவம்பர் 8, இரவு 10.22

உண்மைதான், மேர்லின் நீரில் குளிரும் எஞ்சின், வெளித்தோற்றம் வழுவழுப்பு. ஆனால் அம்மப்பா கேட்டது அதை அல்ல.

கம்பியும்குறடும் | நவம்பர் 9, காலை 6.50

தம்பி, அந்த வெள்ளைப் பூ பெயின்ற் பழுதில்லை. சுப்பர்குளூ காயும்போது ஆவி கிளம்பும், அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து தூளாக இறுகிப் பக்கத்தில் உள்ளதில் படியும். மாரி காலத்தில் இங்கே காற்று முழுக்க ஈரம், அதிலும் நீங்கள் மூடி வைத்திருக்கிறீர்கள். ஆவி போக வழியில்லாமல் எஞ்சினிலேயே படிந்துவிட்டது. ஒட்டியதும் திறந்த இடத்தில், கொஞ்சம் தள்ளி ஒரு மின்விசிறியை மெல்லச் சுழல விட்டு வையுங்கோ. பெயின்ற் அடித்த பிறகு ஒட்ட வேண்டியவற்றுக்கு அரால்டைற், அந்த இரண்டு ரியூப் கலந்து ஒட்டும் பசை, போதும்.

இப்போது படிந்ததைத் தேங்காயெண்ணெய் தடவி மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மறையும், ஆனால் அதற்கு மேல் எந்தப் பெயின்ரும் பிடிக்காது. மெல்லிய துணியால் துடைத்துவிட்டு மீண்டும் ஒரு மெல்லிய கறுப்பு அடியுங்கோ.

தேர்முட்டி | நவம்பர் 9, பிற்பகல் 1.05

நாங்கள் பரம்பரையாக வாகனமும் தேர்ச்சில்லும் செய்யும் குடும்பம். வட்டத்தை ஏழாகப் பிரித்தது எப்படி என்று அறிய ஆவல். கவராயத்தால் ஆறு வரும், எட்டு வரும், ஏழு சரியாக வராது.

வலிகாமத்தான் | நவம்பர் 9, இரவு 8.30

பாகைமானியால் 51.4 பாகை வைத்துக் குறித்தேன் ஐயா. முதல் தடவை கடைசிச் சிலிண்டர் ஒருபக்கம் சாய்ந்தது. அழித்து மூன்று தடவை குறித்தேன்.

தேர்முட்டி | நவம்பர் 9, இரவு 9.10

அடுத்த முறைக்கு ஒரு வழி சொல்கிறேன். வட்டத்தின் ஆரையையே பக்கமாக வைத்து ஒரு சமபக்க முக்கோணம் கீறுங்கோ. அந்த முக்கோணத்தின் உயரத்தைக் கவராயத்தில் பிடித்து வட்டத்தைச் சுற்றி வையுங்கோ. ஏழு தடவையில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும். கணக்குப்படி ஏழுகோணத்தின் பக்கம் ஆரையில் 0.868 பங்கு, இந்த உயரம் 0.866 பங்கு. 60 மில்லிமீற்றர் ஆரையில் ஒரு பக்கத்துக்குப் பத்தில் ஒரு மில்லிமீற்றர்தான் பிழை. ஏழு பக்கமும் சேர்ந்தால்கூட ஒரு மில்லிமீற்றர் வராது, அதைக் கையால் பகிர்ந்து விடலாம்.

ஏ-லெவல்_மாணவன் | நவம்பர் 10, மாலை 5.45

அண்ணா, ஏன் ஒரு வரிசையில் ஏழு? ஆறோ எட்டோ வைத்தால் பிரிக்கவும் இலகு, சமச்சீராகவும் இருக்குமே? பலாலிக்கு வந்த ஏடிஆர் விமானத்தைப் பார்த்திருக்கிறேன், அதில் சிலிண்டரே இல்லை என்று அப்பா சொன்னார்.

வலிகாமத்தான் | நவம்பர் 10, இரவு 9.00

அப்பா சொன்னது சரி. ஏடிஆர் 72இல் இருப்பது விசையாழி எஞ்சின், அதில் பிஸ்ரன் இல்லை.

உன் கேள்வி நல்ல கேள்வி தம்பி. ஒரு வரிசையில் உள்ள ஏழு பிஸ்ரனும் கிராங்க் தண்டின், அதாவது பிஸ்ரனின் தள்ளலைச் சுழற்சியாக மாற்றும் தண்டின், ஒரே முழங்கையைத்தான் தள்ளுகின்றன. நான்கடிப்பு எஞ்சின் என்பதால் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். அப்படியானால் ஒன்றை வெடிக்கவிட்டு, ஒன்றைத் தாண்டி, அடுத்ததை வெடிக்கவிட்டுப் போக வேண்டும். தாளில் ஏழு புள்ளி வைத்துப் பார்: 1, 3, 5, 7, 2, 4, 6, பிறகு மறுபடி 1. எல்லாம் சம இடைவெளியில் முறை பெற்றுவிட்டன. இனி ஆறு புள்ளி வை: 1, 3, 5, உடனே மறுபடி 1. இரட்டை எண் சிலிண்டர்களுக்கு முறை வராது. அதனால்தான் இந்த நட்சத்திர எஞ்சின்கள் ஒரு வரிசைக்கு ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றையாகவே வருகின்றன.

ஆர்-1830இல் பின்வரிசைக்கு ஒற்றை எண், முன்வரிசைக்கு இரட்டை எண். வெடிக்கும் வரிசை 1, 10, 5, 14, 9, 4, 13, 8, 3, 12, 7, 2, 11, 6. பின்னுக்கு ஒன்று, முன்னுக்கு ஒன்று என்று மாறி மாறிப் போவதைக் கவனி. எழும்பும்போது நிமிடத்துக்கு 2,700 சுற்று. கணக்குப் போட்டால் விநாடிக்கு 315 வெடிப்பு. அம்மப்பா கேட்ட உறுமல் அதுதான்.

கடல்காற்று | நவம்பர் 12, இரவு 10.40

நிறம் பற்றி என் கருத்து. நான் 1/48, 1/32 விமானங்கள் நிறையச் செய்திருக்கிறேன். பழைய எஞ்சின் என்றால் பழையதாகத் தெரிய வேண்டும். வெளிப்போக்குக் குழாய் முழுக்கச் செம்மஞ்சள் துரு, செட்டைகளுக்குள் கறுப்புப் புகை, எல்லா இணைப்பிலும் ஒயில் வழிவு. சுத்தமாக விட்டால் பார்ப்பவர் கண்ணில் எதுவும் நிற்காது.

வலிகாமத்தான் | நவம்பர் 13, காலை 6.15

இதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் துரு ஏறிய எஞ்சின் என்றால் கைவிடப்பட்ட எஞ்சின். நான் செய்ய நினைப்பது மறுநாள் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பாக்கு நீரிணையைத் தாண்டப்போகும் எஞ்சின். அதை ஒருவர் தினமும் துடைத்திருப்பார். அழுக்கு இருக்கும், ஆனால் வந்த காரணம் தெரிகிற அழுக்காக இருக்க வேண்டும். அந்தக் காரணங்கள் எனக்கு முழுக்கத் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன்.

ஏ40 | நவம்பர் 13, இரவு 7.55

நான் மானிப்பாயில் கராச் வைத்திருக்கிறேன், பழைய ஒஸ்ரின், மொறிஸ்தான் கூட வரும். விமானம் திருத்தியதில்லை. ஆனால் சூடான உலோகம் எங்கேயும் ஒரே மாதிரித்தான், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் இங்கே எல்லா வாகனமும் மண்ணெண்ணெயில் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தக் காலத்தில் பிளக்கைக் கழற்றினால் எண்ணெய்ப்பிசுக்கோடு கரிக்கட்டி மாதிரி இருக்கும், வெளிப்போக்கு வாயும் கன்னங்கரேல். அதற்கு முன், ஈயம் கலந்த பெற்றோலில் சரியான கலவையில் தூர ஓட்டம் ஓடிவந்த எஞ்சினைத் திறந்தால் வேறு நிறம்: வெளிறிய சாம்பல், சில இடத்தில் மங்கிய கபிலம். டக்கோட்டாவுக்கு ஊற்றியதும் ஈயம் கலந்த பெற்றோல்தான். ஆகவே வெளிப்போக்கு வாய்க்குக் கறுப்புப் போடாதீர்கள், திருநீறு தொட்ட மாதிரி ஒரு வெளிறல் போடுங்கோ.

துரு பற்றி. ஒஸ்ரின் ஏ40 காரின் வெளிப்போக்குக் குழாய் வார்ப்பிரும்பு, அது செம்மஞ்சளாகத் துருப்பிடிக்கும். விமானத்தில் மெல்லிய துருப்பிடிக்கா உருக்குத் தகடு வளையம். அது வெந்து வெந்து வைக்கோல் நிறம், கபிலம், கொஞ்சம் நீலம் என்று மாறும், ஒட்டிய இடத்தில் அதிகம், தள்ளிப்போகக் குறையும். பின்பக்கத்திலிருந்து சிலிண்டருக்கு வரும் உள்ளிழுப்புக் குழாய் இருக்கிறதே, அதில் போவது குளிர்ந்த கலவை. அதன் பெயின்ற் ஒருநாளும் வேகாது. நான் பார்த்த மொடல்களில் பாதிப்பேர் இரண்டு குழாய்க்கும் ஒரே நிறம் பூசியிருக்கிறார்கள்.

ஒயில். வால்வு மூடியின் விளிம்பில் எப்போதும் கொஞ்சம் கசியும், அதில் தூசி ஒட்டும். உங்கள் பக்கத்துத் தூசி செம்மண். ஒயிலும் செம்மண்ணும் சேர்ந்தால் ஈரமான பனங்கட்டி நிறம் வரும். அதை மூடியின் கீழ் விளிம்பில் மட்டும், ஊசி முனையால் வையுங்கோ.

வலிகாமத்தான் | நவம்பர் 13, இரவு 8.20

ஐயா, இதை வாசித்துவிட்டு எழுந்து போய் என் எஞ்சினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். நானும் இரண்டு குழாய்க்கும் ஒரே நிறம்தான் பூசியிருந்தேன். நாளைக்கே சுரண்டுகிறேன்.

நீங்கள் ஒயில் என்றதும் இன்னொன்று நினைவு வந்தது. நிறுத்தி வைத்த நட்சத்திர எஞ்சினில் ஒயில் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களுக்குள் தேங்கும். தேங்கிய ஒயிலோடு ஸ்ராட் பண்ணினால் பிஸ்ரன் அதை நசுக்க முடியாமல் தண்டு வளைந்துவிடும். அதனால் தொடங்கும் முன் ஆட்கள் நின்று விசிறியைக் கையால் சுற்றிவிடுவார்கள். அம்மப்பா இதைச் சின்ன வயதில் எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார், இரண்டு கையையும் மேலே தூக்கி இழுத்துவிட்டு விலகி நடப்பார். ஏன் என்று அப்போது தெரியாது. ஆகவே கசிவும் கீழ்ப்பக்கத்தில்தான் அதிகம் இருக்க வேண்டும்.

கடல்காற்று | நவம்பர் 13, இரவு 9.05

ஏ40 ஐயா சொன்னது எனக்கும் பாடம். வார்ப்பிரும்பும் துருப்பிடிக்கா உருக்கும் என்று நான் பிரித்து யோசித்ததில்லை. ஆனால் ஒன்று: 122 மில்லிமீற்றர் பொருளில் அளவான நிழலை நாங்கள்தான் உண்டாக்க வேண்டும். செட்டைகளின் ஆழத்தில் கறுப்பு ஓடாவிட்டால் வெட்டிய 616 வட்டமும் வீண். அது அழுக்கு இல்லை, நிழல்.

வலிகாமத்தான் | நவம்பர் 13, இரவு 9.12

முழுச் சம்மதம் அண்ணை.

பொன்னூசி | நவம்பர் 15, பகல் 11.30

பிளக் வயர்களுக்கு என்ன போடுகிறீர்கள்? ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் என்றால் 28 வயர் வேண்டுமே.

வலிகாமத்தான் | நவம்பர் 15, இரவு 8.45

இப்போதைக்கு மின்வயருக்குள் இருந்து உருவிய செப்புக் கம்பி. ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு தடிப்பு, அதோடு முறுக்கின் அடையாளம் போகவே இல்லை.

பொன்னூசி | நவம்பர் 16, பகல் 12.10

எங்கள் வீட்டில் பொன்வேலை. தங்கக் கம்பி இழுக்கும் துளைத்தகடு ஒன்று எந்தப் பட்டறையிலும் இருக்கும், பெரிய துளையிலிருந்து சின்னத் துளை வரை வரிசையாக. செப்புக் கம்பியை முதலில் நெருப்பில் சிவக்கக் காட்டி ஆறவிடுங்கோ, அப்போதுதான் இளகும். நுனியை அராவிக் கூராக்கி, மெழுகு தடவி, துளைக்குத் துளை இறக்கி இழுத்தால் 0.4 மில்லிமீற்றரில் முழு நீளமும் ஒரே தடிப்பாக, நூல் மாதிரி நேராக வரும். கஸ்தூரியார் வீதிப் பக்கம் தெரிந்த பட்டறை ஒன்றில் கேட்டால் பத்து நிமிட வேலை. கூச்சப்படாமல் போய்க் கேளுங்கோ அண்ணா.

வலிகாமத்தான் | நவம்பர் 23, இரவு 10.05

ஒரு வாரம் மழை, வேலை ஓடியது. பொன்னூசித் தங்கச்சி சொன்ன மாதிரியே போய்க் கேட்டேன். பெரியவர் ஒருவர் எதற்கு என்று விசாரித்து, படத்தைப் பார்த்து, காசு வாங்காமல் நான்கு மீற்றர் இழுத்துத் தந்தார். முன்னால் இருக்கும் வளையக் குழாயிலிருந்து 28 வயரும் கிளம்பிச் சிலிண்டருக்கு இரண்டாகப் போகின்றன.

பெயின்ற் விபரம் கேட்டு இரண்டு பேர் தனிமடல் போட்டிருந்தார்கள், இங்கேயே சொல்கிறேன். முன்பெட்டிக்குச் சாம்பல், கொஞ்சம் நீலம் ஓடிய சாம்பல். வெளிநாட்டு மொடல் பெயின்ற் கைக்கு வரவில்லை, ஸ்ரான்லி வீதிக் கடையொன்றில் சின்ன ரின் எனாமல் வாங்கிக் கலந்தேன். சிலிண்டர் முழுக்க முதலில் கறுப்பு. காய்ந்த பிறகு தட்டைப் பிறஷில் சில்வரைத் தொட்டு, பழைய துணியில் தேய்த்துத் தேய்த்து, இனிப் பிறஷில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்வரை துடைத்தேன். அந்தப் பிறஷால் செட்டைகளுக்குக் குறுக்கே மெல்ல வருடினால் விளிம்பில் மட்டும் உலோகம் எழும்பும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். நான்காவது வருடலில் எக்ஸ்ரே படம் என்பது மறைந்து அலுமினியம் தெரிந்தது. அந்த நொடிக்காகத்தான் 616 வட்டமும் வெட்டினேன் என்று பட்டது. உருக்குப் பகுதிகளுக்கு 4பி பென்சில் தூளை விரலால் தேய்த்தேன், பெயின்ற் தராத ஒரு கனம் வந்தது.

ஒரு எச்சரிக்கை. எனாமலுக்கு மேல் நேரடியாக டர்பன்ரைனில் கரைத்த நிழல் கலவையை ஓட்டாதீர்கள், அடியில் உள்ளதையும் கரைத்துவிடும். ஒரு சிலிண்டர் அப்படிப் போய்த் திரும்ப அடித்தேன். இடையில் நீரில் கரையும் வானிஷ் ஒரு பூச்சுக் கொடுத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு ஓட்டுங்கோ.

வால்வுகளைத் திறக்கும் தள்ளுகோல்கள் ஓடும் 28 குழாய்களுக்கும் போல்பொயின்ற் பேனா ரீஃபில், மை கழுவியது. உள்ளிழுப்புக் குழாய் 14உம் சுரண்டி வேறு நிறம் பூசியாயிற்று.

செம்மண் | நவம்பர் 23, இரவு 10.30

அண்ணை, கசிவு எங்கே வைத்தீர்கள்?

வலிகாமத்தான் | நவம்பர் 23, இரவு 10.50

8ஆவது சிலிண்டரில். முன்வரிசையில் நேர் கீழே இருப்பது அதுதான். வால்வு மூடியின் விளிம்பில் கபிலத்தில் ஒரு துளி, அதில் எங்கள் வளவுச் செம்மண்ணைத் துணியில் அரித்தெடுத்த தூள் கொஞ்சம். காணி திரும்பக் கிடைத்தபோது அம்மா ஒரு போத்தலில் எடுத்து வைத்த மண். அதன் இரண்டு பக்கமும் உள்ள 7இலும் 9இலும் இன்னும் மெல்லிதாக. மேல் சிலிண்டர்கள் சுத்தம். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார். அந்தத் துளியைக் காட்டி, "இதைத் துடைக்க மறந்துபோனாய்" என்றார்.

இனித் தாங்கி ஒன்று வேண்டும். பிளாஸ்ரிக்கில் செய்ய மனமில்லை. வைரம் பாய்ந்த பனையில், கறுப்பு நார் தெரிய, ஒரு அடி நீளத் துண்டு கிடைத்தால் போதும். யாரிடமாவது இருக்கிறதா?

ஏ40 | நவம்பர் 24, காலை 6.05

எங்கள் பழைய வீட்டுக் கூரை பிரித்த பனஞ்சிலாகை கராச்சுக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கிறது. அறுபது வருடத்துக்கு மேல் வெயில் கண்ட பனை, இனி வளையாது. ஞாயிறு வாருங்கோ, வாளும் இருக்கிறது, வெட்டி எடுக்கலாம். எஞ்சினையும் கவனமாகக் கொண்டு வாருங்கோ தம்பி, பெடியங்களுக்குக் காட்ட வேண்டும்.